பன் டீச்சர்

எங்கேயாவது ஆலைச் சங்கு ஊதினால் என் வலது கை தானாக இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று விரல்களும் நாடியின்மேல் சரியாகப் போய் உட்காரும். எண்ண ஆரம்பித்துவிடுவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ நோய் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்கள். நோய் இல்லை, பழக்கம். என்னை இப்படிப் பழக்கிவிட்டவர் ஒருவர் இருந்தார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் இருந்த கடலை எண்ணெய் ஆலையில், பருப்பு பொறுக்கும் பெண்கள் அவரைப் பன் டீச்சர் என்றார்கள். ஆலையில் வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. புள்ளக் கொட்டாய் என்பார்கள். அதற்கு அவர் பொறுப்பு. நான் அதே ஆலையின் மருந்தகத்தில் இரத்தம், சளி, சிறுநீர் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு வருடம் அதற்குப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். என் அக்கா பருப்பு பொறுக்கும் கொட்டகையில் இருந்தாள். அக்காவின் நான்கு வயது மகள் பிலோமி, புள்ளக் கொட்டாயில்.

டீச்சரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். ஊர் நாகர்கோவில் பக்கம். வயது முப்பதுக்குமேல். அங்கே ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்தவர். ஏன் விட்டு வந்தார் என்று சொன்னதில்லை. ராயபுரத்தில் ஒற்றை அறை. அந்த அறைக்கு அவர் தாழ் போடுவதில்லை. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். பயம் என்ற ஒன்றை எங்கே கண்டாலும் அவரால் சும்மா விட முடியாது.

ஒருநாள் டோல்கேட் முனையில் இருவரும் சாலையைக் கடந்தோம். உப்பு ஏற்றிய லாரி ஒன்று என் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போயிற்று. நான் சாலை நடுவிலேயே நின்றுவிட்டேன். டீச்சர் என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார். “அடிபட்டதா” என்று கேட்கவில்லை.

“இப்பவே சொல்லுங்க, மறக்கிறதுக்குள்ள. உடம்புல எங்க?”

“எது டீச்சர்?”

“பயம். உடம்புல எங்க இருக்கு?”

எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனாலும் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, முழங்கால் பஞ்சானது, வயிற்றுக்குள் ஐஸ் கட்டி. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மளிகைப் பட்டியல் சரிபார்ப்பவர்போல. “பாத்தீங்களா, பிரிச்சுச் சொன்னதும் பாதி போச்சு” என்றார். பாதி போயிருந்தது உண்மைதான். பிறகு திரும்பிப் பார்க்காமல் அதே சாலையை மறுபடி கடந்தார். அவர் மறந்துவிட்ட குடை எதிர்ப்பக்கம் கிடந்தது.

புள்ளக் கொட்டாயின் கரும்பலகையில் மூன்று விதிகள் எழுதியிருந்தார். பூச்சாண்டி என்ற சொல் இங்கே கூடாது. கத்தக் கூடாது. அடிக்கக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு அவரே படித்துக் காட்டினார். முனியம்மா என்று ஒருத்தி, வாய் ஓயாதவள், இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: “இன்னா டீச்சர் இது, பூச்சாண்டி இல்லாம ஒரு புள்ளைக்கு எப்டி சோறு ஊட்றது?”

“பயந்து தின்ன சோறு உடம்புல ஒட்டாது முனியம்மா.”

“அப்ப அந்தப் பயத்த கயட்டி இன்னா பண்ணுவ? ஒரு டப்பால போட்டுக் குடு. எம் புருசனுக்கு ரெண்டு ஸ்பூன் ஊத்தறேன். அந்தாளுக்கு யாராண்டயும் பயமே கெடயாது.”

கொட்டகை முழுதும் சிரித்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கழற்றவும் செய்தார். கொட்டாயில் உதவிக்கு இருந்த ஆயாவுக்குப் பல்லி என்றால் உயிர் போகும். டீச்சர் ஒரு பல்லியைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொட்டாயின் கடைசி மூலையில் வைத்தார். ஆயாவை இந்த மூலையில் உட்காரவைத்து வெற்றிலை கொடுத்தார். மறுநாள் புட்டி இரண்டடி கிட்டே வந்தது. அப்போதும் வெற்றிலை. இரண்டு வாரத்தில் ஆயா மடியில் புட்டியை வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றாள். “பாவம், அதுக்கும் பசிக்கும்ல” என்று ஈ பிடித்துப் போட்டாள். எல்லோருக்கும் வேடிக்கை. எனக்கு மட்டும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஒரு மனுஷியிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டார், அவளுக்கே தெரியாமல். வெற்றிலையைக் கொண்டு.

வெற்றிலையால் பயம் எப்படிப் போயிற்று என்று மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை கேட்டேன். அக்காவும் பக்கத்தில் இருந்தாள். டீச்சர் கடலையை உரித்துக்கொண்டே சொன்னார்.

“மனசைப் பத்திப் பேசறவங்க ஒரே சந்துல அஞ்சு வீட்டுல குடியிருக்காங்க. முதல் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டு உள்ளே பார்னு சொல்வார். பயத்தைத் துண்டு துண்டாப் பிரி, நெஞ்சுல அடிப்பு, வாயில உலர்வுன்னு. ரெண்டாவது வீட்டுக்காரர், பிரிக்கிறது இருக்கட்டும், பயம்னு ஒண்ணு எதுக்காக இருக்கு, அதனால மனுஷனுக்கு என்ன உபயோகம்னு கேப்பார். மூணாவது வீட்டுல, உள்ளே இருக்கிறது யாருக்குத் தெரியும், வெளியே என்ன செய்யறான்னு பாரு, எண்ணு, பழக்கினது எதையும் மாத்திப் பழக்கலாம்பாங்க. நாலாவது வீட்டுக்காரர் கையில மண்வெட்டி. அடியில ஏதோ புதைஞ்சிருக்கு, தோண்டுன்னு சொல்வார். அஞ்சாவது வீட்டுக்காரர் சொல்றது, மூக்கையும் கண்ணையும் தனித்தனியா எடுத்து வெச்சா அது முகம் ஆகாது, முழுசா பாருங்கன்னு.”

அக்கா கேட்டாள்: “அஞ்சு வூட்டுக்கும் ஒரே கொழாயா டீச்சர்?”

“ஒரே குழாய்தான்.”

“அப்ப தெனம் சண்டைதான்.”

“தினம் சண்டைதான்” என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். “நான் மூணாவது வீடு.”

நானும் அந்த வீடுதான் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணக்கூடிய எதையும் எனக்குப் பிடிக்கும்.

அக்காவுக்கும் பிலோமிக்கும் சங்கு என்றால் பயம். இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கடிகாரம் வேண்டாம். எந்த ஆலைச் சங்கு எப்போது ஊதும் என்று காதுக்குத் தெரியும். அதனாலேயே நேரம் தவறி ஒரு சங்கு ஊதினால் எல்லா வீட்டிலும் கை நின்றுவிடும். விபத்து என்று அர்த்தம். யார் வீடு என்பதுதான் மீதி. பிலோமிக்கு இரண்டு வயதாகும்போது அப்படி ஒரு சங்கு, அவள் அப்பா மூட்டை தூக்கிக்கொண்டிருந்த துறைமுகத்தில் ஊதியது. அக்கா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினாள். சரிந்த மூட்டைகளுக்கு அடியில் இருந்தது எங்கள் வீடு.

அன்றிலிருந்து சங்கு கேட்டால் பிலோமி உடம்பு விறைத்து, பாவாடை நனைந்து, மூச்சே வராமல் நீலம் பாரிப்பாள். ஆலைச் சங்கோ புள்ளக் கொட்டாய்க்கு நேர் மேலே, கொதிகலன் கட்டடத்தின் கூரையில் இருந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதும்.

போதாததற்கு, மதிலை ஒட்டி ஓர் ஐஸ் தொழிற்சாலை. அதில் அமோனியா வாயு ஒருமுறை இலேசாகக் கசிந்து, ஆலைப் பெண்கள் இருமித் தவித்தார்கள். அதற்குப்பின் மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்தார். நீளமாக ஒருமுறை ஊதினால் வேலை நேரம். குட்டையாக மூன்றுமுறை ஊதினால் வாயு. எல்லோரும் பெரிய கேட் வழியாக ஹைரோட்டுக்கு ஓட வேண்டும். ஒத்திகை நடந்த அன்று பெண்கள் ஓடினார்கள். குழந்தைகள் ஓடவில்லை. பதினோரு பேரும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தார்கள்.

“இப்படிப் பயந்தா ஓட முடியாது. முதல்ல பயம் போகட்டும். அப்புறம் வழியைப் பழக்குவோம்” என்றார் டீச்சர்.

யுத்த காலத்தில் விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கை கொடுக்க வைத்திருந்த கைச்சங்கு ஒன்று ஆலை ஸ்டோரில் கிடந்தது. கைப்பிடியைச் சுற்றினால் அழும். டீச்சர் அதை எடுத்துக்கொண்டு ஆலையின் மறுகோடிக்குப் போய்ச் சன்னமாக மூன்றுமுறை ஊதினார். உடனே, சந்திலிருந்த டீக்கடை பாய் பன் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆளுக்குப் பாதி பன். மறுநாள் பத்தடி கிட்டே. மூன்று ஊதல், பாதி பன். பல்லிக்கு வெற்றிலை, சங்குக்குப் பன்.

நான் நாடி எண்ணினேன். என் யோசனைதான் அது, அவர் கேட்கவில்லை. கோடு போட்ட நோட்டில் ஆறு கலங்கள்: பெயர், வயது, சங்கின் தூரம், ஊதுமுன் நாடி, ஊதியபின் நாடி, அழுகை உண்டா இல்லையா. வாரம் போகப்போக எண்கள் இறங்கின. மூன்றாவது வாரம் பிலோமி அழவில்லை. ஐந்தாவது வாரம் கைச்சங்கு கொட்டாய் வாசலிலேயே அலறியது. பிலோமி சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். “சித்தி, சங்கு வந்துச்சு, பன்னு வரும்!” என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள். அவள் மணிக்கட்டைத் தொட்டேன். அமைதியாக இருந்தது.

மறுநாள் அக்கா ஒரு தூக்கு நிறைய எறா வறுத்துக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்தாள்.   இருவரும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டார்கள். நான் அவரை மிகவும் நேசித்த நாள் அதுதான்.

பன் டின்னைத் தூக்கிக்கொண்டு பாய் எந்த வழியாக வந்தார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் கடை சந்தில் இருந்தது. சந்து ஆலைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் நடுவில். சந்துக்கு ஒரு சின்னக் கேட். குழந்தைகள் ஓடியது அந்தச் சின்னக் கேட்டுக்கு. இருபது, முப்பது முறை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் ஆறு கலங்களில் எந்தக் கேட் என்ற கலம் இல்லை.

வழியைப் பழக்க அடுத்த திங்கட்கிழமை என்று டீச்சர் குறித்துவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு ஆலைச் சங்கு குட்டையாக மூன்றுமுறை ஊதியது.

நான் கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவிக்கொண்டிருந்தேன். கேட்டதும் முதலில் தோன்றியது என்ன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நோட்டை எடுக்கவேண்டும் என்று தோன்றியது. பிறகுதான் நெடி வந்தது. மாட்டுக்கொட்டகை நாற்றத்தை ஊசியாக்கிக் கண்ணில் ஏற்றியதுபோல.

பெண்கள் பெரிய கேட் பக்கம் ஓடினார்கள். பிள்ளைகளை ஆயா கூட்டி வருவாள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆயா தனியாக எதிரே வந்தாள்.

“பசங்க எங்கே?”

“ஓடிட்சுங்கமா. சங்கு ஊதனதும் குஷியா ஓடிட்சுங்க.”

“எந்தப் பக்கம்?”

ஆயா வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்குள் பாயின் பன் டின் என் நினைவுக்கு வந்துவிட்டது.

கொட்டாய்க்குப் பின்னால் ஓடினேன். சின்னக் கேட்டின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. அதில் முழங்கால் வரைக்கும் நின்றுகொண்டு பதினோரு பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இருமினார்கள். கண்ணைக் கசக்கினார்கள். இருமலுக்கு நடுவில் சிரித்தார்கள். எல்லோருக்கும் முன்னால், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிலோமி.

டீச்சர் ஆபீஸ் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். இரண்டு பிள்ளைகளை இழுத்துப் பின்னால் தள்ளினார். அவர்கள் விளையாட்டு என்று நினைத்து மறுபடி கேட்டுக்கு ஓடினார்கள். நான் இருவரைத் தூக்கினேன். ஒன்று கையிலிருந்து நழுவி இறங்கிப் போயிற்று. “பெரிய கேட்டுக்கு ஓடுங்க பிள்ளைங்களா, ஓடுங்க” என்றார் டீச்சர். அவர் குரலுக்குப் பயந்து பழக்கமில்லாத பிள்ளைகள். ஒருவன் அவரிடமே கேட்டான்: “டீச்சர், பன்னு?”

டீச்சரின் முகத்தை அப்போது பார்த்தேன். கணக்கு புரிந்துவிட்ட முகம். ஐந்து வாரக் கணக்கும் ஒரே நொடியில்.

அவர் போய்ப் பிலோமியைக் கன்னத்தில் அறைந்தார். முழுக் கையால். குழந்தை கீழே விழுந்தாள். டீச்சர் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பி, தலைமுடியை இரண்டு கையாலும் பிய்த்து விரித்துக்கொண்டு, நான் அதற்குமுன் எந்த மனிதரிடமும் கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்.

“பூச்சாண்டி! பூச்சாண்டி வரான்! தின்னுடுவான்! ஓடு!”

கரும்பலகையின் மூன்று விதிகளும் ஒரே மூச்சில் போயின.

பத்துப் பிள்ளைகளும் அலறினார்கள். அலறிக்கொண்டு அவரிடமிருந்து ஓடினார்கள். பெரிய கேட்டிலிருந்து எதிரே திரும்பி வந்த தாய்மார்கள் மேல் போய் விழுந்தார்கள். முனியம்மா இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்றாக அள்ளிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன்.

பிலோமி எழவில்லை. அறைபட்டுத் திகைத்துப்போய் அந்த வெள்ளைப் புகைக்குள் கிடந்தாள். டீச்சர் அவள் மேல் கவிழ்ந்து, முந்தானையால் முகத்தை மூடித் தூக்கினார். நான்கு எட்டு வைத்ததும் அவருக்குத் திசை தெரியவில்லை. கண் போய்விட்டது. நான் மருந்தகத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி, குழாயில் நனைத்து மூக்கைக் கட்டிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அமோனியாவுக்குத் தண்ணீர்தான் மருந்து என்பது எனக்குத் தெரியும். ஹைரோட்டுக் குழாயடியில் பிலோமியின் இமைகளை விரலால் பிளந்து தண்ணீர் விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். “உங்க கண்ணையும் கழுவுங்க டீச்சர்” என்று நான்குமுறை சொன்னேன். “அவளுக்கு முதல்ல முடிங்க” என்றார் நான்குமுறையும்.

அக்கா வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். “நீயும் எய்தினியே, நோட்டுல,” என்றாள் என்னைப் பார்த்து. “இன்னா எய்தின? சொல்லு, இன்னா எய்தின?”

மூன்று நாள் பிலோமியின் கண்ணில் கட்டு. பார்வை இருக்குமா என்று டாக்டர் சொல்ல மறுத்தார். அந்த மூன்று நாளில் அக்கா என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியின் அதே பெண்கள் வார்டில் நான்கு கட்டில் தள்ளி டீச்சரும் கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு குழந்தையின் பயத்தை எடுத்துவிட்ட இடத்தில் அவளுடைய கண்ணும் போய்விட்டால் அக்காவிடம் என்ன சொல்வேன்? பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட எழுத வரவில்லை.

நான்காம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். சிவந்து வீங்கிய இமைகள் மெல்லத் திறந்தன. வயதான டாக்டர் குனிந்து, “என்னம்மா தெரியுது?” என்றார்.

பிலோமி வெகுநேரம் பார்த்தாள். “தாத்தா, ஒன் மூக்குல முடி கீது.”

அக்கா சிரித்து, அழுது, என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அதுதான் எங்கள் சமாதானம்.

டீச்சருக்கு ஒரு கண் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. அடுத்த மாதம் அவர் தம்பி வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆலையில் அவரைப் பற்றிப் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. குழந்தைகளைக் கொல்லப் பார்த்தவர் என்று சிலர். “அந்தம்மா கத்தலேன்னா பத்து புள்ளையும் போயிக்கும்” என்று முனியம்மா. இரண்டையும் நான் மறுத்துப் பேசியதில்லை.

பிலோமியின் கட்டை அவிழ்த்த அன்றே, பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நான் டீச்சரின் கட்டிலில் உட்கார்ந்தேன். நர்ஸுகள் வேலையாக இருந்ததால் நானே அவர் நாடியைப் பிடித்தேன்.

“குழந்தைக்குக் கண் தெரியுதா?”

“தெரியுது டீச்சர்.”

அவர் மறு கையால் தன் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “ரெண்டாவது வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தாரே, பயத்தால மனுஷனுக்கு என்ன உபயோகம்னு. நான் கதவைச் சாத்திக்கிட்டேன்” என்றார்.

அப்போது துறைமுகத்துச் சங்கு ஊதியது. தினமும் பன்னிரண்டுக்கு ஊதுவதுதான், நீளமாக, ஒரே ஒருமுறை. என் விரலுக்கடியில் அவருடைய நாடி பொறியில் மாட்டிய எலிபோலத் துள்ளியது. தாழ் போடாத அறையில் தூங்கிய மனுஷி. அவர் கை என் கையை இறுக்கிக்கொண்டது. உடம்பில் எங்கே என்று நான் கேட்கவில்லை.

நான்கு கட்டில் தள்ளிப் பிலோமி வீறிட்டாள். கட்டிலிலிருந்து குதித்து அக்காவின் புடவைக்குள் புகுந்துகொண்டு, வார்டு முழுதும் திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். அக்கா அவளை இறுக்கிக்கொண்டு, “ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்ல” என்று முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் கட்டுப் போட்ட முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

“அவதானே?”

“ஆமா.”

“பயந்து அழறாளா?”

“பயந்துதான் டீச்சர்.”

“நல்லாவா?”

“நல்லா.”

அவர் தலை மெல்லத் தலையணையில் சாய்ந்தது. கையை விடவில்லை. சங்கு ஓய்ந்து வெகுநேரம் கழித்தும் அவர் நாடியை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதவில்லை.